செட்டிநாட்டுச் செம்மண்ணில் பங்குமுறைக் காய்கறிப் பண்ணை: ஆடி முதல் ஆனி வரை

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் வட்டாரத்தில் இயற்கை முறையில் காய்கறி பயிரிட முனைபவர்கள் முதலில் விசாரிப்பது, எந்தக் கரைசலை எத்தனை நாளுக்கு ஒருமுறை தெளிக்க வேண்டும் என்பதைத்தான். அதை ஒரு பருவத்திலேயே கற்றுக்கொள்ளலாம். பண்ணையை இரண்டாம் ஆண்டில் கைவிட வைப்பவை பெரும்பாலும் வேறு இரண்டு: ஐப்பசி அடைமழையில் கூடையில் வைக்க ஒன்றுமில்லாமல் போவதும், மாசியில் குவியும் கத்தரிக்காயைக் கேட்பாரில்லாமல் போவதும். பங்குமுறை இந்த இரண்டுக்கும் சேர்த்து வழி சொல்கிறது என்பதால், வாரக் கூடையில் தொடங்கி விதைப்பை நோக்கிப் பின்னோக்கித் திட்டமிடுவது எப்படி என்று இக்கட்டுரை விளக்குகிறது.

முறை எளிமையானது. அருகிலுள்ள சில குடும்பங்கள் பருவம் தொடங்குமுன் பணம் கட்டிப் பண்ணையில் பங்கு சேர்கின்றன. விளைந்ததை வாரந்தோறும் பகிர்ந்துகொள்கின்றன. விளையாமல் போனதையும் அவ்வாறே பகிர்ந்துகொள்கின்றன. ஜப்பானில் 1970களில் இல்லத்தரசிகளும் உழவர்களும் சேர்ந்து இத்தகைய ஏற்பாடுகளை வளர்த்தார்கள். அமெரிக்காவில் 1986ஆம் ஆண்டு மாசசூசெட்ஸ், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலங்களில் ஒவ்வொரு பண்ணை இம்முறையில் தொடங்கியது. அம்மாநிலங்களில் பனிக்காலம் பண்ணைக்கு ஓய்வு தருகிறது. நமக்குப் பனியின் தொல்லை இல்லை. பதிலாக இரண்டு இறுக்கமான காலங்கள் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழை ஒன்று. சித்திரை, வைகாசி வெயில் மற்றொன்று. இவ்விரண்டையும் மறைத்துப் பங்கு சேர்ப்பவர் முதல் மழையிலேயே உறுப்பினர்களை இழப்பார்.

பங்கையும் பரப்பையும் முடிவு செய்தல்

தொடக்கத்தில் முப்பது குடும்பங்களுக்கு மேல் சேர்க்க வேண்டாம். நான்கு பேர் கொண்ட குடும்பத்திற்கு வாரம் ஐந்து கிலோ போதும்; அதில் இரண்டு கட்டுக் கீரை, ஐந்தாறு வகைக் காய், கறிவேப்பிலை ஆகியவை அடங்கட்டும். முப்பது குடும்பங்களுக்கு வாரம் 150 கிலோ. இந்த அளவுக்கு ஒன்றரை ஏக்கர் சாகுபடியில் இருக்க வேண்டும். மேலும் அரை ஏக்கர் பசுந்தாள் உரப் பயிருடன் சுழற்சியில் ஓய்வெடுக்க வேண்டும். இரண்டு ஏக்கரையும் ஒரே மூச்சில் காய்கறியாக்குபவர்கள் மூன்றாம் ஆண்டில் வேரைத் தாக்கும் நூற்புழுவோடும் வாடல் நோயோடும் மல்லுக்கட்ட நேரும்.

ஒவ்வொரு காய்க்கும் தனித்தனியே கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். வெண்டையை எடுத்துக்கொள்வோம். குடும்பத்திற்கு அரைக் கிலோ வீதம் வாரம் 15 கிலோ தேவை. வெண்டை ரகங்களுக்கு எக்டேருக்கு 12 முதல் 15 டன் வரை மகசூல் கிடைக்கும் என்பது வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரைகளில் காணப்படும் அளவு. சரளை கலந்த செம்மண்ணில், புதிதாக இயற்கை முறைக்கு மாறிய நிலத்தில், அதில் பாதியை மட்டும் எதிர்பார்ப்பதே அறிவுடைமை. எக்டேருக்கு 6 டன் என்றால் சென்ட்டுக்கு ஏறத்தாழ 24 கிலோ. அது எட்டு வாரக் காய்ப்பில் பரவி வருவதால் சென்ட்டுக்கு வாரம் 3 கிலோ. எனவே ஐந்து சென்ட் வெண்டை முப்பது குடும்பங்களுக்குப் போதும். அந்த ஐந்து சென்ட்டின் காய்ப்பு ஓய்வதற்குள் அடுத்த ஐந்து சென்ட் காய்க்கத் தொடங்க வேண்டும். விதைத்த 45ஆம் நாள் வாக்கில் வெண்டை பறிப்புக்கு வரும் என்பதால், முதல் பாத்தியில் பறிப்பு தொடங்கிய இரண்டாம் வாரத்திலேயே அடுத்த பாத்தியில் விதை விழுந்திருக்க வேண்டும். இப்படி ஒரு நோட்டில் காய் வாரியாக எழுதி வைத்துக்கொண்டால், எந்தக் கிழமையில் எந்தப் பாத்தியில் விதைப்பது என்ற குழப்பமே எழாது.

பங்குத் தொகையைச் சந்தை விலையை வைத்து நிர்ணயிக்கக் கூடாது. கூலி, எரு, விதை, வலை, மோட்டார் பழுது, வண்டிக்குப் பெட்ரோல், பண்ணையை நடத்துபவரின் சம்பளம் ஆகிய அனைத்தையும் கூட்டிப் பங்குகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். விவசாய மின்சாரம் தமிழ்நாட்டில் இலவசம் என்பதால் அந்தச் செலவு மட்டும் இல்லை. தம் சம்பளத்தை எழுதக் கூச்சப்பட்டு விட்டுவிடுபவர்களே மிகுதி. அது பெருந்தன்மை போலத் தெரிந்தாலும் பண்ணையின் உண்மைச் செலவை உறுப்பினரிடமிருந்து மறைப்பதாகவே முடிகிறது. ஆண்டை நான்கு நான்கு மாதங்களாக, ஆடி, கார்த்திகை, பங்குனி எனப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொரு தவணையையும் அந்த மாதம் பிறக்குமுன் வாங்கிவிடலாம். பங்குத் தொகை மாதம் 1,200 ரூபாய் என்று கணக்கு வந்தால் தவணைக்கு 4,800 ரூபாய். முழுவதையும் ஒருசேரக் கட்ட இயலாதவர்களுக்கு இரண்டு தவணையாக்கித் தரலாம். மாதக் கடைசியில் வாங்கிக்கொள்கிறேன் என்பவருக்கு மட்டும் இணங்க வேண்டாம். விதையும் எருவும் முன்பணத்தில்தான் வாங்கியாக வேண்டும். அந்தப் பணம் இல்லையென்றால் இது வெறும் வீட்டு விநியோகமாகிவிடும்.

ஒப்பந்தம் ஒரு பக்கத் தாளில் இருந்தால் போதும். மழைக் காலத்திலும் கோடையிலும் கூடை எவ்வளவு சுருங்கும், எந்தெந்த மாதம் எந்தக் காய் வரும், பயிர் அழிந்தால் பணம் திரும்பாது, ஊரில் இல்லாத வாரங்களில் பங்கை யாருக்கு மாற்றித் தரலாம் என்பன அதில் தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும். கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ் ஆகியவை கூடையில் வாரா என்பதையும் முதல் நாளே எழுத்தில் சொல்லிவிடுவது நலம். செட்டிநாட்டு வீடுகளின் போக்குவரத்துக்குத் தனிக் கணக்கு உண்டு. தைப்பூசத்தை ஒட்டிக் குன்றக்குடியிலிருந்து பழனிக்குப் பாதயாத்திரை புறப்படும் நாள்களில் பல வீடுகளில் சமையலே குறைந்துவிடும். அதற்கு மாறாக, முன்னோருக்குப் படையலிடும் படைப்பு, கல்யாணம் என்று சென்னையிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் உறவினர் வந்து இறங்கும் வாரங்களில், ஒரு பங்கு வாங்கும் வீட்டுக்கு நான்கு பங்கு தேவைப்படும். தவணை தொடங்கும்போதே உறுப்பினர்களின் விசேஷ நாள்களைக் கேட்டு எழுதிக்கொண்டால், ஒரு வீட்டில் மிச்சப்படுவதை இன்னொரு வீட்டுக்குத் திருப்பிவிடலாம்.

மண்ணும் நீரும்: பங்குனி முதல் ஆனி வரை

ஆடியில் விதைக்க வேண்டிய நிலத்தின் வேலை பங்குனியில் தொடங்குகிறது. இவ்வட்டாரத்தின் செம்மண் பல இடங்களில் சரளையோடு கலந்தது. நீர் விட்டவுடன் உறிஞ்சும், மறுநாளே காய்ந்துவிடும். அதற்குக் கைகண்ட மருந்து கண்மாய் வண்டல். சித்திரையில் கண்மாய் வறண்டதும், வட்டாட்சியரிடம் அனுமதி பெற்று வண்டல் எடுத்து நிலத்தில் பரப்பி, கோடை மழையின் ஈரத்தில் உழுதுவிட வேண்டும். வண்டலோடு சீமைக் கருவேல விதையும் சேர்ந்து வரும் என்பதை மறக்க வேண்டாம். முதல் மழைக்கு முளைக்கும் கன்றுகளை இரண்டு இலைப் பருவத்திலேயே பிடுங்கிவிட்டால் சுலபம். ஒரு மாதம் விட்டால் மண்வெட்டி தேவைப்படும்.

அறுவடை முடிந்த வயல்களில் ஆட்டுக்கிடை அமர்த்தும் வழக்கம் சிவகங்கை, இராமநாதபுரம் பகுதியில் இன்றும் உண்டு. பங்குனி, சித்திரையில் ஆட்டு மந்தையை மேய்க்கும் கீதாரிகளிடம் பேசி, காய்கறி நிலத்தின் ஓய்வுப் பகுதியில் சில இரவுகள் கிடை போடச் செய்தால், புழுக்கையும் சிறுநீரும் நேரே மண்ணில் சேரும். மறுநாள் காலையிலேயே லேசாக உழுது மூடிவிட வேண்டும். வெயிலில் காயவிட்டால் சத்தில் பெரும்பகுதி காற்றோடு போய்விடும். தொழுவுரம் வாங்குவதானால் ஏக்கருக்குப் பத்து டன் தேவை. முழுவதும் மக்கியதா என்று கையில் அள்ளி முகர்ந்து பார்த்து வாங்க வேண்டும். பச்சைச் சாணம் கரையானையும் வேர்ப்புழுவையும் அழைத்து வரும்.

சித்திரைக் கடைசியில் ஒரு நல்ல மழை கிடைத்தால் பலதானிய விதைப்புக்கு அதைவிட ஏற்ற தருணம் இல்லை. கம்பு, சோளம் போன்ற தானியங்கள், உளுந்து, தட்டை போன்ற பயறுகள், எள், ஆமணக்கு போன்ற எண்ணெய் வித்துகள், சணப்பை, கொழிஞ்சி, தக்கைப்பூண்டு போன்ற பசுந்தாள் பயிர்கள், கடுகு, கொத்தமல்லி, வெந்தயம் ஆகியவற்றைக் கலந்து ஏக்கருக்கு 20 முதல் 25 கிலோ வரை தூவ வேண்டும். பூக்கத் தொடங்கும் 45, 50ஆம் நாளில் மடக்கி உழுதால் ஆனிக் கடைசி ஆகிவிடும். பதினைந்து நாள் மட்கவிட்டு ஆடி நடுவில் விதைக்கலாம். மழை ஏமாற்றினால் சணப்பையை மட்டும் கிணற்றுத் தண்ணீரில் வளர்த்தாலும் போதும்.

நீருக்குச் சொட்டுநீர்ப் பாசனம் அமைப்பதில் தயக்கமே வேண்டாம். தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 விழுக்காடும் மற்றவர்களுக்கு 75 விழுக்காடும் மானியம் உண்டு. சிறு, குறு விவசாயி என்ற சான்றை வட்டாட்சியர் அலுவலகத்தில் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். கீரைப் பாத்திகளுக்கு மட்டும் சொட்டுநீர் சரிப்படாது. பூவாளியோ மழைத்தூவானோ வேண்டும்.

ஆடி முதல் புரட்டாசி வரை

ஆடிப் பட்டமே ஆண்டின் முதுகெலும்பு. ஆடி, ஆவணி, புரட்டாசி மாலைகளில் இடியோடு வந்து போகும் மழையில் விதைகள் சிரமமின்றி முளைக்கும். பந்தல் அவரை, மொச்சை, பாகல், பீர்க்கு, புடல், சுரை, வெண்டை, கொத்தவரை ஆகியவற்றை இப்போது ஊன்றிவிட வேண்டும். நாட்டுப் பந்தல் அவரையும் மொச்சையும் பகல் குறுகிய பிறகே பூக்கும் இயல்புடையவை. எனவே ஆவணிக் கடைசியில் ஊன்றினாலும் ஆடியில் ஊன்றினாலும் காய்ப்பு மார்கழி, தையில்தான் வரும். ஆனால் ஆடியில் ஊன்றிய கொடி பந்தல் முழுவதும் படர்ந்திருக்கும், தாமதமாக ஊன்றியது பாதிப் பந்தலில் நின்றுவிடும்.

கத்தரி, மிளகாய் நாற்றங்காலை ஆடி முதல் வாரத்தில் போட வேண்டும். மேட்டுப் பாத்தி அரை அடி உயரமும் மூன்று அடி அகலமும் இருந்தால் இருபுறமிருந்தும் கை எட்டும். விதையைக் கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடியோ 10 கிராம் சூடோமோனாஸோ (இரண்டும் நோய்க்கிருமியை அடக்கும் நுண்ணுயிர்கள்) கலந்து நேர்த்தி செய்தால் நாற்றழுகல் பெரிதும் தவிரும். கத்தரி நாற்று 30 முதல் 35 நாளிலும் மிளகாய் நாற்று 40 முதல் 45 நாளிலும் நடவுக்கு ஆகும். மயில்கள் நாற்றங்காலை ஒரே காலையில் கிளறித் தீர்த்துவிடும். அவை சட்டப் பாதுகாப்புப் பெற்ற பறவைகள். விரட்டலாமே தவிர வேறு எதுவும் செய்யக் கூடாது. நாற்றங்கால் மீது பழைய மீன்வலையைக் கம்புகளில் உயர்த்திக் கட்டுவதே செலவில்லாத வழி.

மழைக் கால வறுமையைச் சமாளிக்கப் போகும் காய்கள் இதற்கும் முன்பே, வைகாசிக் கடைசியிலோ ஆனியிலோ கிணற்றுத் தண்ணீரில் ஊன்றப்பட்டிருக்க வேண்டும். அவை பரங்கியும் பூசணியும். நான்கு மாதத்தில், புரட்டாசி, ஐப்பசியில், தோல் முற்றி அறுவடைக்கு வரும். காம்பை இரண்டு அங்குலம் விட்டு வெட்டி, அடிபடாமல் எடுத்து, காற்றோட்டமான அறையில் வைக்கோல் பரப்பி ஒன்றன்மேல் ஒன்று படாமல் அடுக்கினால் கார்த்திகை முடிய வைத்திருந்து கூடைக்கு எடுக்கலாம். காம்பில்லாத காயும் கீறல் விழுந்த காயும் முதல் வாரமே கூடைக்குப் போய்விட வேண்டும்.

பொங்கலுக்குச் சர்க்கரைவள்ளி வேண்டுமென்றால் புரட்டாசி பிறந்ததும் கொடித் துண்டுகளை உயரமான பார்களில் நட வேண்டும்; 110 முதல் 120 நாளில் கிழங்கு தைக்குச் சரியாக வந்து சேரும். பரங்கி, மொச்சை, அவரை, சர்க்கரைவள்ளி நான்கும் ஒரே பண்ணையிலிருந்து பொங்கல் கூடையில் வந்தால், அடுத்த தவணைக்கு உறுப்பினர்களிடம் தனியாகப் பேச வேண்டியதில்லை.

ஐப்பசி, கார்த்திகை

வடகிழக்குப் பருவமழை ஒரு வாரம் விடாமல் பெய்தால் தரையோடு படர்ந்த பயிர்கள் அழுகும். முளைக்கீரையும் சிறுகீரையும் மழைத்துளியின் அடியில் மண்ணோடு படுத்துவிடும். இதை முழுவதும் தடுக்க முடியாது. புரட்டாசி முடிவதற்குள் ஒவ்வொரு பாத்தியையும் ஒரு அடிக்கு உயர்த்தி, வாய்க்கால்கள் தூர்ந்துபோகாமல் வெட்டிவிட்டு, நீர் எந்தப் பக்கம் வடியும் என்பதை மழைக்கு முன்பே ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த இரண்டு மாதக் கீரைத் தேவைக்கு வேலியோரத்து மரங்களையே நம்ப வேண்டும். அகத்தியும் முருங்கையும் கறிவேப்பிலையும் எந்த மழைக்கும் அசையா. முப்பது குடும்பங்களுக்கு வேலி நெடுக அகத்தியை நெருக்கி விதைத்து, இடுப்புயரத்தில் கவாத்து செய்துகொண்டே வந்தால் மழை முழுவதும் கட்டு கட்டாகக் கிடைக்கும்.

கூடையில் மீதமுள்ள இடத்தை நிரப்புவது சேமித்த பரங்கி, பூசணி, சேனை, வாழைக்காய், வாழைத்தண்டு, இவற்றோடு கோடையில் போட்டு வைத்த வத்தல். வத்தலைப் பற்றிக் கோடைப் பகுதியில் விரிவாகச் சொல்கிறேன்.

மழை ஓய்ந்து வெயில் எட்டிப் பார்க்கும் கார்த்திகைக் கடைசியில் தக்காளி நாற்றை நட வேண்டும். இருபத்தைந்து நாள் நாற்று போதும். முன்கூட்டியே நட்டால் இலைக்கருகல் பிடிக்கும். தை தாண்டி நட்டால், பகல் வெப்பம் 35 டிகிரியைக் கடக்கும் பங்குனியில் பூ உதிர்ந்துவிடும். இந்த மண்ணில் தக்காளிக்குக் கிடைப்பது இந்த ஒரு வாய்ப்புதான் என்று எண்ணிக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது.

மார்கழி முதல் மாசி வரை

இது நிறைந்த காலம். அவரை, மொச்சை, கத்தரி, தக்காளி, முள்ளங்கி, பீட்ரூட், பச்சை மிளகாய், எல்லாக் கீரைகளும் ஒருசேர வரும். முளைக்கீரை விதை சென்ட்டுக்கு 10 கிராம் போதும். அதைப் பத்து மடங்கு மணலோடு கலந்து தூவி, வாரம் ஒரு பாத்தி வீதம் தவறாமல் விதைத்தால் 25ஆம் நாளிலிருந்து வாரந்தோறும் வெட்டலாம். ஒரு வாரம் விதைக்க மறந்தால், மூன்றரை வாரம் கழித்துக் கூடையில் அது தெரியும்.

கத்தரியின் பெரிய பகை தண்டு, காய்த் துளைப்பான். நட்ட ஒரு மாதத்திற்குப் பிறகு, காலையில் செடிகளுக்கிடையே நடக்கும்போது, செடி முழுவதும் நிமிர்ந்திருக்க ஒரே ஒரு தளிர் மட்டும் தலை தொங்கி நிற்பதைக் காணலாம். நீர்க் குறைவு என்று நினைத்துக் கடந்துவிடக் கூடாது. அந்தத் தளிரைக் கிள்ளி நகத்தால் நெடுகப் பிளந்தால், உட்சதை கறுத்து, தன் எச்சத்துக்கு நடுவே இளஞ்சிவப்பான புழு ஒன்று நெளிவது தெரியும். வாடிய பகுதிக்கு ஒரு அங்குலம் கீழே வெட்டி, வாளியில் சேர்த்து, பண்ணைக்கு வெளியே எரித்துவிட வேண்டும். வரப்பில் வீசினால் அது கூட்டுப்புழுவாகி மறுபடியும் வரும். ஆண் அந்துப்பூச்சிகளை ஈர்த்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறிகளை ஏக்கருக்கு ஐந்து வைத்து, வாரம் இரண்டுமுறை தளிர் கிள்ளினாலே சேதம் பாதிக்கு மேல் குறையும். தெளிப்பு அதற்குத் துணை மட்டுமே.

தெளிப்புகளில் வேப்பங்கொட்டைக் கரைசலை முதன்மையாகக் கொள்ளலாம். ஐந்து கிலோ வேப்பம் பருப்பை இடித்து, பத்து லிட்டர் நீரில் இரவு முழுவதும் ஊறவைத்து, பால்போல் வரும் வரை கலக்கி, இரட்டைத் துணியில் வடிகட்டி, நூறு லிட்டராக நீர் சேர்த்து, சிறிது காதிச் சோப்பைக் கரைத்து, மாலையில் தெளிக்க வேண்டும். பருப்பு ஓராண்டுக்கு மேற்பட்டதானால் வீரியம் இராது. ஆனி, ஆடியில் உதிரும் வேப்பம்பழத்தைப் பொறுக்கி நிழலில் உலர்த்திச் சேமித்துக்கொள்ள வேண்டும். பஞ்சகவ்யத்தைப் பத்து லிட்டருக்கு 300 மில்லி வீதம் பதினைந்து நாளுக்கு ஒருமுறை தெளிக்கலாம். ஜீவாமிர்தம் 200 லிட்டர் நீர், பத்துக் கிலோ சாணம், பத்து லிட்டர் கோமியம், இரண்டு கிலோ வெல்லம், இரண்டு கிலோ பயறு மாவு, ஒரு பிடி வரப்பு மண் சேர்த்து இரண்டு நாள் வைத்துப் பாசன நீரோடு விடுவது. சொட்டுநீர்க் குழாயில் விடுவதானால் நன்றாக வடிகட்டாமல் விடக் கூடாது. வெண்டையில் மஞ்சள் நரம்புத் தேமல் வந்த செடிக்கு மருந்தில்லை. வெள்ளை ஈ பரப்பும் நச்சுயிரி அது. கண்டவுடன் பிடுங்கிப் புதைத்து, மஞ்சள் ஒட்டுப்பொறிகளை அதிகப்படுத்த வேண்டும்.

தையில் வயல்களில் நெல் அறுவடை நடக்கும் என்பதால் ஆள் கிடைப்பது அரிது. களையெடுப்பை மார்கழியிலேயே முடித்து, வைக்கோலோ சருகோ கொண்டு மூடாக்குப் போட்டுவிட்டால் அந்த மூன்று வாரத்தைப் பறிப்புக்கு மட்டுமே ஒதுக்கலாம். நிலையாக வரும் இரண்டு மூன்று பெண்களுக்கு ஆண்டு முழுவதும் வேலை உறுதி சொல்லி, அன்றைய கூலியை அன்றே கொடுப்பது, அவசரத்தில் இருபது பேரைத் தேடுவதைவிட மலிவு. உறுப்பினர்களை வேலைக்கு அழைக்கும் வழக்கம் நல்லதுதான். ஆனால் அவர்கள் வந்து களை பறிக்கும் நாளில் வழக்கமான வேலையில் பாதிதான் நடக்கும் என்று கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். சர்க்கரைவள்ளி தோண்டுவது, விதை பிரிப்பது, வத்தல் போடுவது ஆகியவை அவர்களுக்குப் பொருத்தமானவை.

தை பிறந்ததும் கோடைக்கான விதைப்பைத் தொடங்கிவிட வேண்டும். பரங்கியும் பூசணியும் மறுபடி. அவை வைகாசியில் எடுக்கப்படும். சின்ன வெங்காயத்தைத் தை, மாசியில் ஊன்றினால் 65, 70 நாளில் எடுத்து, தாளோடு முடிந்து நிழலில் தொங்கவிடலாம். செட்டிநாட்டுச் சமையலுக்குச் சின்ன வெங்காயம் இல்லாத கூடை கூடையே அன்று.

கோடையும் வத்தலும்

மாசிக் கடைசியில் தொடங்கி பங்குனி வரை கத்தரி குவியும். ஒரு பங்குக்கு மூன்று கிலோ கத்தரிக்காய் போட்டு அனுப்பினால், "என்னப்பா, இந்த வாரமும் கத்தரிக்காய்தானா?" என்று ஆச்சிமார்கள் கேட்பது நியாயமே. கோசமல்லியும் மண்டியும் வாரம் இரண்டு நாளுக்கு மேல் செய்ய முடியாது. மிகுதியைச் சந்தைக்குக் கொண்டுபோனால், எல்லாருக்கும் விளைந்திருக்கும் அந்த நேரத்தில் வண்டி வாடகைக்குக்கூடக் கட்டாது. அதை உலர்த்துவதே வழி. வத்தல் போடத் தெரிந்த கைகளும், வெயில் நேரே இறங்கும் முற்றங்களும் மாடிகளும் இவ்வூர்களில் உண்டு. பண்ணையின் உபரிக்கு அதைவிடப் பெரிய கிடங்கு எது?

கொத்தவரங்காயைக் காம்பு நீக்கி, உப்பு சேர்த்துக் கொதிக்கும் நீரில் அரை வேக்காடு போட்டு, நீரை முழுவதும் வடித்து, பாயில் பரப்பி, நான்கைந்து நாள் நல்ல வெயிலில் காயவைக்க வேண்டும். கத்தரிக்காயை நீளவாக்கில் நறுக்கி அவ்வாறே செய்யலாம். சுண்டைக்காயைத் தட்டி, உப்புப் போட்ட மோரில் இரவில் ஊறவைத்துப் பகலில் காயவைப்பதை மோர் வற்றும் வரை தொடர வேண்டும்; மிளகாய்க்கும் அதே முறை. வளைத்தால் ஒடிய வேண்டும். வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது என்று பொருள். அப்படியே எடுத்து வைத்தால் ஐப்பசியில் டப்பாவைத் திறக்கும்போது பூஞ்சணம் இருக்கும். உறுப்பினர் வீடுகளில் காயவைப்பதானால் கொடுத்த காயின் எடையையும் திரும்பிய வத்தலின் எடையையும் பெயரெழுதிக் குறித்துக்கொள்ள வேண்டும். ஐப்பசி, கார்த்திகைக் கூடையில் பங்குக்கு 200 கிராம் வத்தல் சேர்ந்தால், பசுங்காய் குறைந்ததைப் பற்றி எழும் முணுமுணுப்பு பெரிதும் அடங்கும்.

அக்கினி நட்சத்திர நாள்களில் நிலத்தில் தாக்குப்பிடிப்பவை கொத்தவரை, தட்டைக்காய், தண்டுக்கீரை, முருங்கை, சுண்டை, வாழை. இவற்றோடு மாங்காயும் பலாக்காயும் அருகிலுள்ள தோப்புகளிலிருந்து வாங்கிச் சேர்க்கலாம்; ஆனால் வாங்கியது என்று கூடைச் சீட்டில் எழுதிவிட வேண்டும். கீரைப் பாத்திக்கு 50 விழுக்காடு நிழல்வலை கட்டி, காலை மாலை இருவேளையும் பூவாளியால் தெளித்தால் ஓரளவு தேறும். சித்திரை முதல் வைகாசி நடு வரை இரண்டு வாரத்துக்கு ஒரு கூடை என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுவது நேர்மையான வழி. பண்ணையில் இருப்பவர்களுக்கும் மூச்சு வாங்க நேரம் வேண்டும்.

பறிப்பு நாள்

வாரத்தில் ஒரு நாள் பறித்து அன்றே கொடுத்துவிடுவது உத்தமம். வெண்டையை மட்டும் ஒன்றுவிட்டு ஒருநாள் பறித்தாக வேண்டும். இடைப்பட்ட பறிப்பை ஈரச் சாக்கில் சுற்றி மண்பானைக் குளிர்ச்சியில் வைக்கலாம். கீரையை விடியுமுன் அறுத்து, வேரை அலசி, நிழலில் வைத்துக் கட்டுப் போட வேண்டும். கத்தரியைக் கத்தரிக்கோலால் காம்போடு வெட்ட வேண்டும். முறுக்கிப் பறித்தால் கிளை கிழியும். எட்டு மணிக்குள் வயலை விட்டு எல்லாம் வெளியேறிவிட வேண்டும்.

கூடை வாங்கும் இடத்தில் மாற்றுக் கூடை ஒன்று இருக்கட்டும். பாகற்காய் வேண்டாதவர் அதில் பாகற்காயைப் போட்டு, வேறொருவர் விட்டுப்போன சுரைக்காயை எடுத்துக்கொள்வார். இந்தச் சிறு ஏற்பாட்டில் பாதி மனக்குறை தீர்ந்துவிடும். ஒவ்வொரு கூடையிலும் என்னென்ன இருக்கின்றன, அடுத்த வாரம் எது வரக்கூடும், எந்தக் காய்க்கு என்ன ஆயிற்று என்று நான்கு வரியில் ஒரு சீட்டு வைக்க வேண்டும். புழு விழுந்தால் விழுந்தது என்றே எழுதலாம்.

விதை, சான்று, கணக்கு

விதைக்கென்று விடும் செடியைப் பறிப்பின் தொடக்கத்திலேயே தேர்ந்து துணி கட்டி அடையாளமிட வேண்டும். கடைசியில் மிஞ்சிய காயை விதைக்கு விடுவது நாளடைவில் நோஞ்சான் செடிகளையே தரும். கத்தரியைச் செடியிலேயே மஞ்சளாகப் பழுக்கவிட்டு, பிசைந்து அலசி, நீரில் மூழ்கும் விதைகளை மட்டும் எடுத்து, நிழலில் உலர்த்திச் சாம்பல் கலந்து வைக்க வேண்டும். பீர்க்கையும் சுரையையும் கூட்டோடு காயவிட்டு அப்படியே தொங்கவிடலாம்.

சான்றிதழைப் பொறுத்தவரை, உறுப்பினர்கள் பண்ணைக்கு நேரே வந்து பார்த்துப் போகும் இம்முறையில் அது உடனடித் தேவையன்று. ஆனால் சான்று பெறாத விளைபொருளின் மீது, இயற்கை விளைபொருளுக்கான ஜைவிக் பாரத் முத்திரையைப் பதிக்கக் கூடாது. அண்டையில் இயற்கை முறையில் பயிரிடும் வேறு நான்கு விவசாயிகள் கிடைத்தால், ஐவராகச் சேர்ந்து பிஜிஎஸ் இந்தியா திட்டத்தில் குழு பதிவு செய்துகொள்ளலாம். இது ஒருவர் நிலத்தை மற்றவர் ஆய்வு செய்யும் முறை. ஏற்றுமதிக்கும் பெரிய கடைகளுக்கும் ஏற்ற சான்றைத் தமிழ்நாடு அங்ககச் சான்றளிப்புத் துறை வழங்குகிறது. எந்த வழியானாலும் ரசாயனத்தை நிறுத்திய நாள் முதல் ஒவ்வொரு இடுபொருளையும் தேதியோடு எழுதி வைத்த நோட்டு வேண்டும். ரசாயன முறையிலிருந்து இயற்கை முறைக்கு மாறும் காலம், பயிரைப் பொறுத்து இரண்டு மூன்று ஆண்டுகள் எடுக்கும்.

ஆனி மாதத்தில், பசுந்தாள் பயிரை உழுவதற்கு முன், உறுப்பினர்களைப் பண்ணைக்கு அழைத்து வரவுசெலவைப் படித்துக் காட்ட வேண்டும். பேரேட்டைப் புரட்டிப் பழகிய ஊர் இது. தோராயக் கணக்கு இங்கே செல்லாது. எத்தனை கிலோ கொடுத்தோம், எந்த வாரம் கூடை சுருங்கியது, கூலிக்கும் எருவுக்கும் எவ்வளவு, கையில் மிச்சம் எவ்வளவு என்பதைச் சொன்ன பிறகு, அடுத்த ஆண்டு எந்தக் காயைக் கூட்டுவது, எதை விடுவது என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். ஆடித் தவணையை அன்றே கட்டிப் போகிறவர்களின் எண்ணிக்கையைப் பார்த்துத்தான் நாற்றங்காலின் அளவை முடிவு செய்ய வேண்டும்.